மேடு தொட்டு வந்தவன்

செய்தி வந்தபோது நான் தேனியில் என் உதிரிபாகக் கடையில் ஒரு டிராக்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தேய்ந்துபோன பிரேக் ஷூவைக் கொண்டுவந்து, போன வாரம் வாங்கியது, மாற்றிக் கொடு என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். கைபேசியில் ஸ்டெல்லா என்று பெயர் வந்தது. "அண்ணே, ஆஸ்பத்திரியில காலையில மிஷினை நிப்பாட்டிட்டாக" என்றாள். புது ஷூ ஒன்றை எடுத்து டிராக்டர்காரர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு சாவு, கடையை அடைக்க வேண்டும் என்றேன். யார் என்று கேட்டார். "நம்ம அமலன்." "ரேஸ் ஓட்டுற ராயப்பன்பட்டிப் பயலா?" என்றவர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். புது ஷூவை மேசைமேலேயே விட்டுவிட்டுத் தன் பழைய ஷூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அமலனை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் நாளைக்கு யார் கையில் கிடைக்குமோ, அதனால் சொல்லிவிடுகிறேன். இருபத்துநான்கு வயது. கம்பம் மேட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் அந்தோணியின் மகன். பள்ளி ஆசிரியை ஸ்டெல்லாவின் தம்பி. கார் பந்தயம் ஓட்டி மாதச் சம்பளம் வாங்கிய ஆள் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். அவன் ஓட்டியது படத்தில் பார்க்கிற, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் ஒற்றை ஆள் கார் இல்லை. நாம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிற அதே காரின் கூடுதான். உள்ளே மெத்தையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். ஒரே மாதிரி இருபது கார் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஓடும்.

நான் யார் என்றால், வார நாட்களில் கடைக்காரன், பந்தய நாட்களில் மைக்காரன். மாட்டுவண்டிப் பந்தயங்களில் கத்திப் பழுத்த தொண்டையை யாரோ கேட்டுவிட்டுக் கோவை ரேஸ் மைதானத்துக்குத் தமிழில் வர்ணனை சொல்ல அழைத்துப் போனார்கள். அமலன் அங்கே ஓட்டிய எல்லாப் பந்தயத்துக்கும் நான்தான் குரல். இரங்கல் எழுதும்போது 'அவர்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. அதற்கு அவன் இருந்து கிழவனாகியிருக்க வேண்டும்.

அவனை முதலில் பார்த்தது மைதானத்தில் இல்லை. மேலே கேரளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக, விடிகிற நேரத்தில் கம்பத்தில் ஜீப் ஏறினேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஜீப். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், போலீஸ்காரரே கேட்பதில்லை. ஸ்டியரிங்கில் மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். சரிதான், இன்றைக்கு நமக்கும் சேர்த்துப் பூசை வைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டில் இரண்டு ஜீப்பைத் தாண்டிப் போனான். ஆனால் என் மடியிலிருந்த பை நகரவில்லை. பெண்கள் எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்கள். மேலே டீக்கடையில் பாராட்டினேன். "வேகமா யாரு வேணாலும் போவாகண்ணே. பின்னாடி தூங்குற ஆத்தாமாருக முழிக்கக் கூடாது. அதுதான் ஓட்டுறது" என்றான். பிற்பாடு ரேஸிலும் அவன் அப்படித்தான். கடைசிச் சுற்றுகளில் மற்றவர்களின் டயர்கள் செத்துக் கிடக்கும்போது இவனுடையது உயிரோடு இருக்கும். காரைத் திட்டாமல் ஓட்டுவான்.

கோவைப் பக்கம் மண்தரையில் நடக்கும் பந்தயம் ஒன்றைப் பற்றி நான் சும்மா சொல்லிவைக்க, நண்பனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய் இரண்டாவதாக வந்தான். அதைப் பார்த்த ஒரு ரேஸ் அணி அவனைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டது. அடுத்த வருடம் சீட் கொடுத்தது. நான் மைக்கில் "இதோ வருகிறது கம்பம் எக்ஸ்பிரஸ்" என்று ஒரு பட்டம் கட்டிவிட்டேன். பந்தயம் முடிந்து நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, கம்பத்துக்கு ரயிலே கெடையாது. என்னையப் போயி எக்ஸ்பிரஸுங்கிறீக. நாளைக்கு எல்லாரும் டிக்கெட் கேட்டு வரப் போறாக." ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜீப் ஸ்டாண்டில் அவன் படத்தோடு பிளெக்ஸ் வைத்தபோது ரயில் இஞ்சினையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

மலைப்பாதையில் ஒரு சட்டம் உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். மேட்டு மரியாதை என்பார்கள். அவன் முதல் முதலாக ஜெயித்த பந்தயம் கொட்டும் மழையில் நடந்தது. மேடையில் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சிவிட்டு, என்னிடமிருந்து மைக்கை வாங்கினான். இங்கிலீஷில் நன்றி சொல்லச் சொல்லி அணியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு, "அப்பா, இன்னைக்கு ஒருநா மட்டும் யாருக்கும் வழி விடல. கோவிச்சுக்கிராதீக" என்றான். கோவைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்கள். கேலரியில் அந்தோணி மட்டும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இந்தத் தொழிலின் கொடுமையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பையன்கள் அப்பன் காசைக் கொண்டுவந்து கொட்டித்தான் சீட் வாங்குகிறார்கள். திறமைக்காகச் சீட் கொடுக்கப்பட்டவன் அமலன். அப்படிப்பட்டவன் ஒரு பந்தயம் ஓட்டாமல் உட்கார்ந்தால், அந்த இடத்தில் பணத்தோடு இன்னொருவன் வந்து உட்காருவான். எழுந்திருக்கவே மாட்டான். "நம்மள்லாம் பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிச்ச ஆளுகண்ணே. எந்திரிச்சமா, போச்சு" என்பான் அமலன். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறான், விரல் வீங்கிய கையோடு ஓட்டியிருக்கிறான்.

இந்த ஆண்டு பயிற்சி ஓட்டம் ஒன்றில் பிரேக் பிடிக்காமல் அவன் கார் பக்கவாட்டில் போய் டயர்ச் சுவரில் மோதியது. இறங்கி, கேலரியைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வாந்தி எடுத்தான். மைதானத்து டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: மூளை குலுங்கியிருக்கிறது, நான் சரி என்று சொல்லும்வரை எந்த வண்டியையும் தொடாதே, இது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் சின்ன அடியைக்கூடத் தலை தாங்காது. இதை அமலன் கேட்டான், நான் கேட்டேன், கூட இருந்த ஸ்டெல்லா ராயப்பன்பட்டிக்கு வந்து எல்லோருக்கும் இன்னொரு முறை சொன்னாள். யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை இது.

அந்த வாரம் அவனைப் பார்க்கப் போனேன். சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டில் படுத்திருந்தான். வெளிச்சம் ஆகவில்லை. கோயில் மணி அடித்தால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்கிறான் என்றார் அவன் அம்மா. அவர் அடுப்படியில் பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மாலையும் எலுமிச்சம்பழமுமாக.

அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் அடிபட்ட ஓட்டுநர் அடுத்த ஞாயிறு வருவதற்குள் மேட்டில் ஒரு தரம் ஏறி இறங்கிவிட வேண்டும். மேடு தொட்டு வருவது என்று பெயர். தொடாமல் விட்டால் பயம் உள்ளே குடியேறிவிடும், அப்புறம் அவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டான், குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அப்படி வீட்டோடு உட்கார்ந்துபோன ஒருவனின் கதை ஒவ்வொரு ஜீப்புக்காரரிடமும் இருக்கிறது. அந்தோணியே இளவயதில் வண்டியோடு பள்ளத்தில் புரண்டவர். கட்டுப் போட்ட காலோடு அவரை ஏற்றி அனுப்பியது அவருடைய அப்பா. அதற்கப்புறம் ஆயுளெல்லாம் ஓட்டிவிட்டார். தனக்குக் கிடைத்த மருந்தை மகனுக்குக் கொடுக்கத்தான் அந்த மனிதர் நினைத்தார். பாசம் இல்லாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"அப்பா, தலையில பட்ட அடிப்பா. டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்றாள் ஸ்டெல்லா.

"தல வலி தன்னால போகும்த்தா. பயம் போகாது. அவன் இருட்டுக்குள்ள படுத்துக் கெடக்கான் பாரு, அதுக்குப் பேரு என்ன?"

"அவனைத் தூங்க விடுங்களேன்" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்தே.

நானும் சொன்னேன். அடி வேறு, பயம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்றேன். அந்தோணி என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க மைக்குல ஓட்டுறவுக. நாங்க ரோட்டுல ஓட்டுறவுக" என்றார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அமலன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "விடுங்கண்ணே. போயிட்டு வந்துருவோம். எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்துருக்காகள்ல" என்றான். வீட்டுக்கு வந்த ஆட்களின் முகம் வாடக் கூடாது அவனுக்கு.

நானும் ஸ்டெல்லாவும் அதே ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டோம். அடிவாரத்தில் பிள்ளையார் முன்னால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வேதக்காரர் வண்டிக்குப் பிள்ளையார் எதற்கு என்று யாரும் அங்கே கேட்பதில்லை. ஏறும்போது நன்றாகத்தான் ஓட்டினான். முன்னால் போன ஜீப்பிலிருந்து ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே போனார். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். பிரேக்கை மிதித்தபடி எதிரே பார்த்துக்கொண்டே இருந்தான். கீழே இருந்து எந்த வண்டியும் வரவில்லை. வெறும் ரோடு. ரொம்ப நேரம் கழித்து, வந்த வண்டியை அனுப்பிவைத்தவன் மாதிரி லேசாகக் கையைத் தூக்கிவிட்டு ஓட்டினான். பக்கத்தில் இருந்த அந்தோணி திரும்பி எங்களைப் பார்த்து, "அடிபட்டும் மரியாதையை மறக்கல பாத்தீகளா" என்றார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

அன்று மாலையே அவள் அணியின் மேலாளருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். இல்லாத வண்டிக்கு நின்று வழி விட்டான் என்று சொன்னாள். அதற்கு அந்த மனிதர், "மேடம், வீடியோ எனக்கும் வந்துச்சு. அத்தனை வளைவையும் இவ்வளவு அழகா எறங்கியிருக்கான். இவனுக்கு என்ன குறை?" என்றார். ஜீப் ஸ்டாண்டு குரூப்பில் போட்ட படம் பாட்டெல்லாம் சேர்த்துக் கோவை வரைக்கும் போயிருந்தது. நானும் போனை வாங்கிப் பேசினேன். டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று உறுதி சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை. சில வாரம் கழித்து வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். தலை வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றான். வெளிச்சம் கூசுகிறதா, இல்லை. அதை எந்த மிஷினும் காட்டிக் கொடுக்காது. அவனவன் சொன்னால்தான் உண்டு. போன் செய்ததற்காக அவன் அக்காவிடம் பேசாமலே கோவைக்குப் பஸ் ஏறினான்.

கடைசிப் பந்தயத்தை நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த கார் லேசாகத் தட்டியது. இந்த வகைப் பந்தயத்தில் அது கை குலுக்குவது மாதிரி, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவனே ஓட்டிக்கொண்டு தன் அணியின் கொட்டகைக்குத் திரும்பினான். "அமலன் பத்திரமாக வந்துவிட்டார்" என்று நான் மைக்கில் சொன்னேன். அதன் பிறகு, வண்டி ஒன்றை எடுக்கிறார்கள், பந்தயத்தை நிறுத்தியிருக்கிறோம், கூட்டம் கலையாமல் கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள் என்று காதில் மாட்டியிருந்த கருவியில் உத்தரவு வந்தது. எப்போதும் வருகிற உத்தரவுதான். எதிரே கேலரியில் எங்கள் ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதனால் கம்பம் திராட்சையைப் பற்றிப் பேசினேன். பன்னீர் திராட்சைக்கு எங்கள் தண்ணீர்தான் காரணம், கோவைக்காரர்கள் சிறுவாணியைப் பற்றி ரொம்பப் பீற்றிக்கொள்ளக் கூடாது என்றேன். கேலரி சிரித்தது. அந்தோணி எழுந்து நின்று என்னைப் பார்த்துத் துண்டை வீசினார். அந்த நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர் கேட்டு வாங்கிய கையோடு சரிந்த அவர் மகனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்துக்கும் மேலே மிஷினில் கிடந்தான். ஸ்டெல்லா அவன் காதருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். கோபத்தில் பேசாமல் போனவனிடம் இப்போது நான் ஒருத்தியே பேச வேண்டியிருக்கிறதே என்று சொல்லி அழுதாள். அவன் கண் திறக்கவில்லை.

ராயப்பன்பட்டியில் அடக்கம். கம்பம் மேட்டில் அன்றைக்கு ஒரு ஜீப் ஓடவில்லை. தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவன் அணியின் மேலாளர் சுவரோரமாகத் தனியாக நின்றார். யாரும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. எல்லோரும் விதி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், பிளெக்ஸ் வைத்தது தப்பு என்றார்கள். ஆண்டவர் நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆண்டவர் கூப்பிடவில்லை, நாம்தான் அனுப்பினோம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தோணியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அந்தோணி என் கடைக்கு வந்தார். ஜீப்பில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். சவரம் செய்யாத முகம். ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆற விட்டார். பிறகு கைபேசியை எடுத்து, அன்றைக்கு மேட்டில் எடுத்த படத்தைக் காட்டினார். பாட்டுச் சத்தம் கடையெல்லாம் கேட்டது. சத்தத்தைக் குறைக்க அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கிக் குறைத்தேன்.

"இதை அவனுக்குக் காட்டுனேன் தம்பி. மறுநா காலையில. பாத்துட்டு என்ன கேட்டான்னு ஒருத்தருக்கும் சொல்லல நான். ஸ்டெல்லாவுக்கும் தெரியாது, அவுக அம்மாவுக்கும் தெரியாது."

கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"'அப்பா, நான் எப்பப்பா மேட்டுக்குப் போனேன்?'னு கேட்டான்."

அவர் டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "விளையாடுறான்னு நெனச்சுச் சிரிச்சுட்டேன் தம்பி" என்றார். பிறகு, "ஸ்டாண்டுல எல்லாரும் இருக்கும்போது இதைச் சொல்லிரணும். போயி நின்டா எனக்கு வாய் வர மாட்டேங்குது. நீங்க பேசுற ஆளு. நீங்க சொல்லுங்க. எம் பேரைச் சொல்லியே சொல்லுங்க" என்றார்.

அவர் பெயரைச் சொல்லியே சொல்லிவிட்டேன். மனைவியையும் மகளையும் முதலில் அழைத்து உட்காரவைத்து அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். ஜீப் ஸ்டாண்டு அண்ணன்மாரே, இதைப் படித்துவிட்டு அந்தோணியைத் திட்டாதீர்கள். எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது நீங்கள். தலையில் அடிபட்ட பையனை இனி யாராவது மேடு தொடக் கூப்பிட்டால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

அமலனின் கோப்பைகள் அவன் அம்மாவிடம் இருக்கின்றன. ஹெல்மெட்டை ஸ்டெல்லா வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது அந்தக் காலை வேளை மட்டும்தான், அதுவும் நான் பார்க்காதது. இருட்டு அறையில் கைபேசி வெளிச்சம் பட்டுக் கண் கூச, தான் ஓட்டிப் போனதை யாரோ ஓட்டுவதுபோல் பார்த்துவிட்டு, நான் எப்போது போனேன் என்று அவன் அப்பாவிடம் கேட்கிறான். அந்தோணி சிரிக்கிறார். அப்பா சிரிப்பதைப் பார்த்து, அவனும் சிரித்திருக்கிறான்.